வனத்து அந்தோணியாரின் தங்கை என்ன ஆனார்?

ஞாயிறு வகுப்பு டீச்சர் (திண்டுக்கல் பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பங்கில் ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருவிழா. பொங்கல் முடிந்த கையோடு வருவதால், மாடு வைத்திருப்பவர்கள் எந்த மதமாக இருந்தாலும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, கோயில் வாசலுக்கு ஓட்டி வருவார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதனால் இந்த மாதம் மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவருடைய வரலாற்றை எடுத்தேன்.

எகிப்தில் வசதியான குடும்பம், இளம் வயதில் தாய் தகப்பன் இறந்தது, கோயிலில் "உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு" என்ற வசனம் காதில் விழுந்தது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வனத்துக்குப் போனது, பேய்கள் வந்து அடித்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். பேய் வந்ததும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண் பிள்ளை மட்டும் எழுந்து, "டீச்சர், அவங்க தங்கச்சி என்ன ஆச்சு?" என்றாள்.

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அண்ணன்தான் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கிறான். அதனால் அந்தக் கேள்வியை எதையாவது சொல்லி மழுப்ப எனக்கு மனது வரவில்லை. என்னிடம் இருக்கிற பாட நூலில் "தங்கையைக் கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டு" என்று அரை வரிதான் இருக்கிறது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்தத் தங்கையைப் பற்றி வேறு எங்காவது ஏதாவது இருக்கிறதா? ஒரு சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவரைப் புனிதர் என்று எப்படிச் சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அப்புறம், சுரூபத்தின் காலடியில் பன்றிக்குட்டி எதற்கு என்பதும் பையன்களின் கேள்வி.

கம்பங்காட்டு விவசாயி:

டீச்சரம்மா, பன்றிக்குட்டிக்கு நான் பதில் சொல்கிறேன். தங்கை விஷயத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அந்தோணியார் பன்றி வளர்த்தவர் இல்லை. அவர் இறந்து எழுநூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1095 வாக்கில், பிரான்ஸ் தேசத்தில் அவர் பேரில் ஒரு சபை தொடங்கியது. அந்த நாட்டில் ரை என்கிற தானியத்தில்தான் ஏழைகள் ரொட்டி சுடுவார்கள். ஈரமான வருடங்களில் அந்தக் கதிரில் ஒரு பூசணம் பிடிக்கும். மணி இருக்க வேண்டிய இடத்தில் எலிப்புழுக்கை மாதிரி கறுப்பாக நீண்டு நிற்கும். அதையும் சேர்த்து அரைத்துத் தின்றவர்களுக்குக் கை கால் எல்லாம் நெருப்பு வைத்ததுபோல எரியும், ரத்த ஓட்டம் நின்று விரல்கள் கறுத்து உதிர்ந்துவிடும். காரணம் தெரியாத காலம். 'அந்தோணியார் நெருப்பு' என்று அதற்குப் பேர் வைத்து, அவருடைய எலும்புகள் இருப்பதாக நம்பிய கோயிலுக்கு நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சபைக்காரர்கள் ஆஸ்பத்திரி கட்டிப் பார்த்தார்கள். நோயாளிக்கு நல்ல ரொட்டி போட்டார்கள், பன்றிக் கொழுப்பில் மூலிகை குழைத்துப் புண்ணில் தடவினார்கள். கெட்ட மாவு வயிற்றுக்குள் போவது நின்றதே பாதி மருந்து. செலவுக்குப் பன்றி வளர்த்தார்கள். கழுத்தில் மணி கட்டிய பன்றி தெருவில் திரிந்தால் அது அந்தோணியார் பன்றி, யாரும் விரட்டக்கூடாது, ஊரே தீனி போடும். ஓவியம் வரைந்தவர்கள் அந்தப் பன்றியையும் மணியையும் அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். ஆடு மாட்டுக்கு எல்லாம் அவர் காவல் என்று ஆனது அந்த வழியில்தான்.

கம்பு போடுகிறவர்களுக்கு இந்தப் பூசணத்தின் தாயாதி நன்றாகத் தெரியும். பூக்கிற சமயம் மூட்டம் போட்டுத் தூறிக்கொண்டே இருந்தால் கதிரில் பிசுபிசுவென்று ஒழுகும். தேன் ஒழுகல் நோய் என்போம். பிறகு மணிக்குப் பதில் கறுப்புக் கட்டி. இது வேறு வகை, விரல் உதிராது. ஆனால் தின்றால் வாந்தியும் தலைசுற்றலும் வரும். நாங்கள் விதைக்கும் முன்னால் பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டுவோம். நோய்க் கட்டி மேலே மிதக்கும், நல்ல விதை அடியில் நிற்கும். மிதப்பதை அரித்து எறிந்துவிட்டு, அடியில் கிடப்பதை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். பையன்களுக்கு ஒரு வாளியில் செய்தே காட்டலாம். இவ்வளவு சின்ன வேலை தெரியாமல் எத்தனை குடும்பம் கை கால் இழந்ததோ என்று நினைத்தால் எனக்கு மனது ஆறாது.

முப்பந்தல் காற்றாடி:

டீச்சர், உங்கள் மாணவிக்குப் பதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தங்கை தொலைந்து போகவில்லை. கன்னியாகவே வாழ்ந்து, வயதாகி, மற்ற கன்னியருக்குத் தலைவியாக இருந்தார். அந்தோணியார் கிழவரான பிறகு ஒரு தரம் மலையிலிருந்து இறங்கி வந்தபோது தங்கையைப் பார்த்து மகிழ்ந்தார். இதை எழுதியவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார், அந்தோணியாரை நேரில் அறிந்தவர். அந்தோணியார் இறந்தது 356இல். அதற்குப் பிறகு சில வருடங்களுக்குள்ளேயே அவர் வரலாற்றை எழுதிவிட்டார். 54ஆம் அதிகாரத்தில் தங்கையைப் பற்றிய இந்த வரி இருக்கிறது. பேய்கள் வருகிற அதிகாரங்களை எல்லாரும் படிக்கிறார்கள், ஓவியமாக வரைகிறார்கள். இந்த வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நான் ஆரல்வாய்மொழிக்காரன். முப்பந்தலில் காற்றாடி வேலை பழகி, எகிப்தில் செங்கடல் ஓரம் ஸஃபரானா காற்றாலையில் சில காலம் இருந்தேன். நம் கணவாய்க் காற்றுக்குச் சற்றும் குறையாத காற்று அங்கே. 545 மெகாவாட், எழுநூறு காற்றாடிகள். அங்கிருந்து கடலுக்கு முதுகு காட்டி உள்ளே திரும்புகிற சாலையில் போனால் அந்தோணியார் மடம். டெய்ர் அன்பா அந்தோனியோஸ் என்பார்கள். வெள்ளிக்கிழமை லீவு நாளில் கெய்ரோவிலிருந்து கோப்து குடும்பங்கள், அதாவது எகிப்தின் பூர்வீகக் கிறிஸ்தவர்கள், பஸ் பிடித்து வருவார்கள், அவர்களோடு நானும் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு வயதான துறவிக்கு நல்ல ஆங்கிலம் வரும். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தந்தது.

சரி, தங்கை கதைக்கு வருகிறேன். அந்தோணியார் பிறந்தது 251 வாக்கில், நைல் ஓரத்தில் கோமா என்ற கிராமத்தில். இன்றைய பெனி சுயெஃப் பக்கம். பெற்றோர் இறந்தபோது அவருக்குப் பதினெட்டு, இருபது வயது. தங்கை மிகச் சிறியவள். வீட்டையும் அவளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, கோயிலுக்குள் நுழைகிற நேரம் நீங்கள் சொன்ன அந்த வசனத்தை, மத்தேயு 19:21, வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். உடனே வெளியே வந்து, அப்பா விட்டுப்போன நிலத்தை ஊர்க்காரர்களுக்கே கொடுத்துவிட்டார். 300 அரூரா, நம் கணக்கில் 200 ஏக்கர் சுமார், நல்ல விளைச்சல் பூமி. அந்த நிலத்தால் தனக்கும் தங்கைக்கும் யாரோடும் பிற்பாடு பிரச்சினை வரக்கூடாது என்று கொடுத்தார் என்கிறார் அத்தனாசியார். தாயாதிச் சண்டை பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். பண்ட பாத்திரங்களை விற்றுப் பணத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

அப்போதும் தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்தார். இன்னொரு நாள் கோயிலில் "நாளைக்காகக் கவலைப்படாதீர்கள்" என்ற வசனத்தைக் கேட்ட பிறகுதான் அதையும் கொடுத்துவிட்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த, நம்பிக்கையான கன்னியரிடம் தங்கையை ஒப்படைத்தார். தெரியாத இடத்தில் தள்ளிவிட்டுப் போகவில்லை. அவரும் உடனே பாலைவனத்துக்கு ஓடவில்லை. முதலில் ஊருக்கு வெளியே, வீட்டுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தார். அடுத்த ஊரில் தவம் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார், கைவேலை செய்து சாப்பிட்டார், மிச்சத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்.

இப்போது உங்கள் மாணவிக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய இடம். சாத்தான் அவரைச் சோதிக்க வருகிறான். சிங்கம், கரடி, பாம்பு எல்லாம் பிற்பாடு. முதன்முதலில் அவன் கையில் எடுத்தது என்ன தெரியுமா? கொடுத்துவிட்ட சொத்தின் நினைவு, தங்கையைப் பற்றிய கவலை, சொந்தபந்தம். ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. ராத்திரி படுத்தால் அந்தச் சின்னப் பெண் என்ன செய்கிறாளோ என்ற நினைப்பு வந்து அவரை அறுத்திருக்கிறது. கல் மனதுக்காரருக்கு இந்தச் சோதனை எப்படி வரும்? எனக்கு அந்தோணியார் மேல் பாசம் வந்தது இந்த இடத்தைப் படித்தபோதுதான். நானும் தங்கச்சியை ஊரில் விட்டுவிட்டுப் போனவன்.

அப்புறம் கல்லறைகளில் இருந்தார். முப்பத்தைந்து வயது வாக்கில் நைலைத் தாண்டிப் பிஸ்பிர் மலையில் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். இருபது வருடம். வருடத்துக்கு இரண்டு தடவை ரொட்டியை மேலிருந்து இறக்குவார்கள். கடைசியில் நண்பர்கள் கதவை உடைத்துத் திறந்தபோது, எலும்பும் தோலுமாக இருப்பார் என்று பார்த்தால், பெருக்கவும் இல்லை, மெலியவும் இல்லை, முன்பு பார்த்த ஆளாகவே நின்றார்.

இவரைப் பற்றி நான் எல்லாரிடமும் சண்டை போட்டுச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. மனிதர்களை வேண்டாம் என்று சொல்லி ஓடியவர் இல்லை இவர். உள்ளே உள்ளே போனார், உண்மை. ஆனால் ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் வெளியே வந்தார். 311இல் ரோமைப் பேரரசர் மாக்சிமினுஸ் காலத்துக் கொடுமையில் கிறிஸ்தவர்களை அலெக்சாந்திரியாவுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவரும் பின்னாலேயே போய்ச் சிறையிலும் சுரங்கத்திலும் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். நீதிமன்றத்தில் நின்று தைரியம் சொன்னார். துறவிகள் யாரும் நகரத்தில் இருக்கக்கூடாது என்று ஆளுநர் உத்தரவு போட்டதும் மற்றவர்கள் ஒளிந்துகொண்டார்கள். இவர் மேலாடையைத் துவைத்து வெளுப்பாக உடுத்திக்கொண்டு, மறுநாள் ஆளுநர் கண்ணில் படுகிற மாதிரி ஓர் உயரமான இடத்தில் போய் நின்றார். வயதான காலத்தில், 338 வாக்கில், 'இயேசு தந்தைக்கு இணையான கடவுள் இல்லை' என்ற ஆரியுசின் போதனைக்கு எதிராகப் பேச மறுபடியும் அலெக்சாந்திரியா போனார். பேரரசர் கான்ஸ்டன்டைனும் மகன்களும் கடிதம் எழுதியபோது சீடர்கள் பரபரத்தார்கள். "அரசர் எழுதியதைப் பார்த்தா ஆச்சரியப்படுகிறீர்கள்? அவரும் மனிதர்தானே. கடவுள் தம் மகன் வழியாக நம்மோடு பேசினாரே, அதற்கு ஆச்சரியப்படுங்கள்" என்றார்.

கூட்டம் தாங்காமல்தான் சரசேனியர் என்கிற பாலைவன அரபு வியாபாரிகளோடு மூன்று பகல் மூன்று இரவு நடந்து கொல்ஸும் மலைக்கு வந்தார். நான் போன மடம் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. ஊற்று இன்றும் ஓடுகிறது, பேரீச்ச மரங்களும் உண்டு. மடத்துக்குள் பழைய கோயில் சுவர் முழுக்கத் தியோடோர் என்ற ஓவியர் 1232-33இல் தீட்டிய துறவிகளின் படங்கள். நூற்றாண்டுக் கணக்கான விளக்குப் புகையும் மெழுகுக் கரியும் படிந்து மறைந்து கிடந்ததை 1990களின் கடைசியில் சுத்தம் செய்து எடுத்திருக்கிறார்கள். நிறமெல்லாம் நேற்றுப் பூசியதுபோல இருக்கிறது.

அவர் தங்கியிருந்த குகை அங்கிருந்து இன்னும் மேலே. ஆயிரத்துக்கு மேல் படி. காலையிலேயே ஏறிவிட வேண்டும், வெயில் ஏறினால் படிக்கட்டுக் கம்பியில் கை வைக்க முடியாது. குகை வாசலில் நேராக நுழைய முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, தோளைத் திருப்பி, பக்கவாட்டில்தான் நகர வேண்டும். இரண்டு பக்கமும் பாறை நெஞ்சையும் முதுகையும் உரசும். எத்தனையோ தலைமுறை உரசிப் போனதில் அந்த உயரத்தில் மட்டும் பாறை வழவழப்பாக இருக்கும். உள்ளே சின்ன அறை, ஒரு பலிபீடம், அவ்வளவுதான். எனக்கு முன்னால் போன ஒரு பாட்டி உள்ளே சத்தமாகப் பேர் பேராகச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள் பேர் போலிருக்கிறது, முடியவே இல்லை. வெளியே காத்திருந்த யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்த மலையில் அவர் என்ன செய்தார் என்றால், விவசாயம். தனக்காக யாரும் அவ்வளவு தூரம் ரொட்டி சுமக்கக்கூடாது என்று மண்வெட்டி, கோடாலி, கொஞ்சம் கோதுமை மட்டும் கேட்டு வாங்கினார். தண்ணீர் பாய்கிற இடம் பார்த்து விதைத்தார். அப்புறம் தன்னைத் தேடி வருகிறவர்கள் களைத்து வருவார்களே என்று அவர்களுக்காகக் காய்கறியும் போட்டார். தண்ணீர் குடிக்க வந்த காட்டு மிருகங்கள் பயிரை மேய்ந்தன. ஒன்றை மெதுவாகப் பிடித்து, "நான் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே, நீங்கள் ஏன் எனக்குக் கெடுதல் செய்கிறீர்கள்? ஆண்டவர் பேரால் போய்விடுங்கள், இனி இங்கே வராதீர்கள்" என்று சொல்லி அனுப்பினாராம். அதற்குப் பிறகு அவை வரவில்லை. மாடு மந்திரிக்கிற நாளுக்கு இந்தக் கதை பொருந்தும் டீச்சர், பன்றியைவிட.

அந்த மலையிலிருந்து ஒரு முறை இறங்கிப் பழைய சீடர்களைப் பார்க்கப் போனபோதுதான் தங்கையைச் சந்தித்தது.

விடுதி வார்டன் அக்கா:

முப்பந்தல் தம்பி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளை இன்னொன்றும் கேட்பாள், அதற்கும் டீச்சர் தயாராகப் போக வேண்டும். தங்கையிடம் கேட்டார்களா? அத்தனாசியார் அதைச் சொல்லவில்லை. அவள் பேரையும் சொல்லவில்லை. அண்ணன் கேட்டது ஒரு நற்செய்தி வசனம், அதன்படி அவள் வாழ்க்கையும் சேர்ந்து மாறிவிட்டது. நான் பெண்பிள்ளைகள் விடுதி நடத்துகிறேன். "உனக்கு நல்ல இடம்" என்று சொல்லி விட்டுப் போகும்போது அந்தப் பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்க்கிறேன். நல்ல இடம்தான். ஆனாலும் முதல் ராத்திரி அழுகை அழுகைதான். அதை மறைத்துக் கதை சொல்லாதீர்கள் டீச்சர்.

அதே கதையில் பெண்களுக்குப் பெருமையான விஷயமும் இருக்கிறது. அந்தோணியாரைத் துறவிகளின் தந்தை என்கிறோம். அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கே, 270 வாக்கில், சிறு பெண்ணை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு நிலைத்த கன்னியர் அந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். அவர் போகப் போகிற வழியில் அந்தப் பெண்கள் அவருக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.

அம்மா சிங்கிளேத்திக்காவின் கதையையும் சொல்லுங்கள். அலெக்சாந்திரியாவில் பணக்கார வீட்டுப் பெண். பெற்றோர் இறந்த பிறகு இவரும் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தலைமுடியை வெட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஓர் உறவினரின் கல்லறையில் போய்த் தங்கினார். அவருக்கும் ஒரு தங்கை, கண் தெரியாதவர். அந்தத் தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டே போனார். பிற்பாடு பெண்கள் தேடி வந்து புத்தி கேட்டார்கள். மலையில் தனியாக இருந்துகொண்டு மனதுக்குள் ஊர்க்கூட்டத்தை வைத்திருப்பவர்களும் உண்டு, கூட்டத்தின் நடுவே இருந்துகொண்டே மனதில் தனித்திருப்பவர்களும் உண்டு என்று அவர் சொன்னது இன்றைக்கும் பாலைவனத் தந்தையர் வாக்குகளோடு சேர்ந்தே இருக்கிறது. இரண்டு தங்கைகள் கதையையும் ஒன்றாகச் சொன்னால் அந்தப் பிள்ளை தானே யோசித்துக்கொள்வாள்.

முப்பந்தல் காற்றாடி:

அக்கா, நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அந்த முதல் ராத்திரியை எழுதியவர் எழுதவில்லை, நாமும் நிரப்ப வேண்டாம்.

நீங்கள் சிங்கிளேத்திக்காவைச் சொன்னதால் இன்னொன்று. பக்கோமியார் தெரியும் அல்லவா, துறவிகள் கூடி வாழ்கிற மடத்தை எகிப்தில் ஒழுங்குபடுத்தியவர். அவருடைய சகோதரி மரியா அவரைப் பார்க்க வந்தார். அவருக்காகவே பெண்களுக்கு ஒரு மடம் கட்டச் செய்தார் பக்கோமியார், அந்த மரியாவே அதற்குத் தலைவி ஆனார்.

அந்தோணியாருக்கே ஒரு முறை ஒரு வெளிப்பாடு வந்ததாம். "நகரத்தில் உனக்குச் சமமான ஒருவன் இருக்கிறான். வைத்தியன். தன் தேவைக்கு மேல் மிஞ்சுவதை எல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறான், தினமும் வானதூதரோடு சேர்ந்து 'தூயவர்' பாடுகிறான்" என்று. குகையில் நூறு வயதைத் தாண்டி இருந்தவரின் வாக்குகளிலேயே இது சேர்ந்திருக்கிறது. அந்த அண்ணன் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து அனுப்புகிற பணத்தை அந்த வைத்தியனின் கணக்கில்தான் நான் வைப்பேன். உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள் டீச்சர், அவள் அண்ணன் வனத்துக்குப் போகாதவன் என்பதால் குறைந்தவன் இல்லை.

அவர் வரலாறு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒன்று. அத்தனாசியார் கிரேக்கத்தில் எழுதியதை அந்தியோக்கியா எவாகிரியுஸ் லத்தீனில் கொண்டுவந்தார். 386இல் மிலானில் பொந்திசியானுஸ் என்ற நண்பர் அந்தோணியாரைப் பற்றிச் சொல்லும்வரை, பிற்பாடு திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தினார் அவர் பேரைக்கூடக் கேட்டதில்லை. கேட்ட அன்றே தோட்டத்தில் அழுது புரண்டு, ஒரு குழந்தைக் குரல் "எடுத்து வாசி" என்றதும், கோயிலில் கேட்ட ஒரு வசனத்தால் அந்தோணியார் மாறியதை நினைத்துக்கொண்டு பவுலின் கடிதத்தைத் திறந்தார். அகுஸ்தினார் மனம் மாறியது அந்த நேரத்தில்தான்.

ஞாயிறு வகுப்பு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி, மனது நிறைந்துவிட்டது. கம்பு விதை வாளியைப் பையன்களுக்குச் செய்து காட்டப் போகிறேன். தங்கைக்காக வந்த சோதனை, 54ஆம் அதிகாரம், சிங்கிளேத்திக்காவின் தங்கை மூன்றையும் ஒரே வகுப்பில் சொல்லிவிடுவேன். வைத்தியர் கதையை மட்டும் வகுப்பு முடிந்த பிறகு அவளிடம் தனியாகச் சொல்லப் போகிறேன்.

முப்பந்தல் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. பேய் அடித்த கதையை ஏழாம் வகுப்புக்குச் சொல்லலாமா, விட்டுவிடலாமா? சென்ற வாரமே இரண்டு பிள்ளைகள் ராத்திரி தூங்கவில்லை என்று அம்மாமார்கள் வந்து சொன்னார்கள்.

முப்பந்தல் காற்றாடி:

சொல்லுங்கள் டீச்சர், ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்துவதால்தான் பயம் வருகிறது. கல்லறைக்குள் அடி வாங்கிப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவரை, ரொட்டி கொண்டுவந்த நண்பர் பார்த்து, தோளில் தூக்கிக்கொண்டு ஊர்க் கோயிலில் கொண்டுபோய்க் கிடத்தினார். செத்துப்போனார் என்றே நினைத்துச் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுராத்திரி கண் விழித்துப் பார்த்தால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், அந்த நண்பர் மட்டும் முழித்திருக்கிறார். "யாரையும் எழுப்பாமல் என்னைத் திரும்பக் கொண்டுபோய் விடு" என்று சைகை காட்டினார், நண்பரும் மறுபேச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளைகளிடம் அந்த நண்பரைப் பெரிதாக்கிச் சொல்லுங்கள்.

மறுபடி பேய்கள் மிருக வேடத்தில் வந்து மிரட்டியபோது நிற்கக்கூட முடியாமல் படுத்தபடியே, "உங்களுக்குச் சக்தி இருந்தால் ஒரு ஆள் வந்தாலே போதுமே, எதற்கு இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டார். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், பயம் போய்விடும். அப்புறம் மேலே கூரை திறந்ததுபோல ஒளி வந்தது. "இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்? ஆரம்பத்திலேயே வந்திருக்கலாமே?" என்று ஆண்டவரிடம் உரிமையோடு கேட்டார். "இங்கேதான் இருந்தேன் அந்தோணி. நீ போராடுவதைப் பார்க்கக் காத்திருந்தேன்" என்று பதில் வந்தது.

17ஆம் தேதிக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். எகிப்தில் கோப்துக்காரர்கள் அவர் திருநாளைத் தூபி மாதம் 22இல் கொண்டாடுகிறார்கள். நம் காலண்டரில் அது ஜனவரி 30. மிச்சம் இருந்தால் அதற்கு முந்தின ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். மடத்தில் நான் எடுத்த படங்கள் இருக்கின்றன, ஊற்று, படிக்கட்டு, குகை வாசல் எல்லாம் தெரியும். வகுப்பில் காட்ட வேண்டும் என்றால் சொல்லுங்கள், இங்கேயே போடுகிறேன்.